அறுமீனை எண்ணுகிறவர்

(பொதுக்காலம் 5-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. யோபு 7:1-4, 6-7, திருப்பாடல் 147, மாற்கு 1:29-39)



இன்று நாம் பதிலுரையாகப் பாடிய 147-ஆம் திருப்பாடலில் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. சிதறிப்போன மக்களை ஆண்டவர் மீண்டும் ஒன்றுசேர்க்கிறார் என்பது முதலாவது. உள்ளம் உடைந்தவர்களை நலமாக்கி அவர்களுடைய காயங்களைக் கட்டுகிறார் என்பது இரண்டாவது. மூன்றாவது, முன்பின் சொல்லாமல் நம்மை வானத்துக்குக் கூட்டிப்போகிறது: விண்மீன்களை அவர் எண்ணுகிறார், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கிறார்.

அந்த மூன்றாவது வரியை அழகுக்காகச் சேர்த்தது என்று எண்ணி நம்மில் பலர் கடந்துபோகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. காயத்துக்குக் கட்டுப்போடுகிறவரும் விண்மீனை எண்ணுகிறவரும் ஒருவரே என்று திருப்பாடல் ஆசிரியர் அறிந்தேதான் சொல்கிறார். அவருடைய மக்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டு, பல ஆண்டுகள் அங்கே கிடந்து, திரும்பி வந்தவர்கள். பாபிலோனியர் வானத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள். விண்மீன்களைத் தெய்வங்களாகக் கொண்டவர்கள். களிமண் பலகைகளில் அவற்றைப் பட்டியலிட்டு வைத்தவர்கள். நிலவு நடக்கும் பாதையில் உள்ள விண்மீன்களைச் சொல்லும் அவர்களுடைய பட்டியல் ஒன்று, ஒரு சின்னஞ்சிறு கூட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கூட்டத்தை நாம் கார்த்திகை என்கிறோம். சங்கப் புலவர்கள் அதை அறுமீன் என்றார்கள். அந்நிய வானத்தின் கீழ் அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள், ஊர் திரும்பிய பிறகு பாடுகிறார்கள்: நம்மை ஆள்வதாகச் சொல்லப்பட்ட அந்த விண்மீன்களை நம் கடவுள்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நம் காயத்தைக் கட்டுகிறவரும் அவரே.

இன்றைய வாசகங்களை இந்த அறுமீனோடு சேர்த்துத் தியானிக்க உங்களை அழைக்கிறேன். காலமும் பொருத்தமாக அமைந்திருக்கிறது. பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், மாலை ஏழு மணி வாக்கில், நம் தமிழ்நாட்டு வானில் அது ஏறக்குறைய உச்சியில், சற்று வடக்கே தள்ளி நிற்கும். ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களை உங்களில் பலருக்குத் தெரியும். அந்த வரிசையை மேற்குப் பக்கமாக நீட்டிக்கொண்டு போனால் சிவந்த ரோகிணி வரும். ரோகிணியையும் கடந்து போனால் மங்கலாக, நெருக்கமாக ஒரு சிறு திரள் தெரியும். அதுதான்.

விவிலியத்தில் இந்தக் கூட்டம் மூன்று இடங்களில் பெயரோடு வருகிறது. யோபு நூலில் இரண்டு முறை, இறைவாக்கினர் ஆமோசின் நூலில் ஒரு முறை. ஆமோஸ் தெக்கோவாவில் ஆடு மேய்த்தவர். இரவு வானத்தை அறிந்தவர். நீதியைக் கசப்பாக மாற்றி, ஏழைகளை மிதித்து வாழ்ந்த செல்வர்களிடம் அவர் பேசும்போது, அறுமீனையும் ஓரியனையும் படைத்தவரைத் தேடுங்கள் என்கிறார். வானத்தைப் படைத்தவர் ஏழையின் வழக்கையும் கேட்கிறவர் என்பதே அவர் பேச்சின் பொருள்.

ஒரு வார்த்தை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் கிறிஸ்தவ வீடுகளிலும் சிலர் பெண் பார்க்கும்போது நட்சத்திரம் கேட்கிறார்கள். இன்ன நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று சொல்லி, நல்ல பிள்ளைகளை ஒதுக்குகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, ஜாதகம் பார்ப்பதைத் தெளிவாக மறுக்கிறது. விண்மீனைப் பெயர் சொல்லி அழைக்கிறவரைத் தந்தை என்று அழைக்கும் உரிமை பெற்ற நாம், ஒரு பெண்ணின் வாழ்வை அந்த விண்மீனின் பெயரால் முடக்கலாமா? அது பாவம்.

இனி அறுமீனுக்கு வருவோம்.

வெறுங்கண்ணுக்கு அதில் ஆறு விண்மீன்கள் தெரிகின்றன. கூர்மையான பார்வையும் நல்ல இருட்டும் வாய்த்தால் இன்னும் சில தெரியலாம். 1610-இல் கலிலேயோ தம் தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினார். கண்ணுக்குத் தெரிந்த ஆறைச் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத பல விண்மீன்கள் இருப்பதைக் கண்டார். அவற்றுள் 36 விண்மீன்கள் கொண்ட படம் ஒன்றை வரைந்து அந்த ஆண்டே நூலாக வெளியிட்டார். ஆறு என்று ஆயிரமாயிரம் ஆண்டுகள் எண்ணி வந்த மனிதகுலத்துக்கு, தன் கணக்கு பிழை என்று அன்றுதான் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒளிப்படத் தகடுகள் வந்தன. மனிதக் கண் ஒரு நொடியில் பார்ப்பதை அந்தத் தகடு மணிக்கணக்கில் பொறுமையாகப் பார்த்தது. கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது.

இடையில் இன்னொருவர் வருகிறார். ஜான் மிட்செல் என்பவர் இங்கிலாந்து நாட்டவர், ஆங்கிலிக்கத் திருச்சபையின் குரு, யார்க்ஷயரில் தார்ன்ஹில் என்ற ஊரில் பங்குப் பணி ஆற்றியவர். 1767-இல் அவர் ஒரு கேள்வி கேட்டார். இந்த விண்மீன்கள் தற்செயலாகத்தான் அருகருகே தெரிகின்றனவா, அல்லது உண்மையிலேயே ஒன்றுக்கொன்று உறவுடையவையா? கணக்குப் போட்டுப் பார்த்தார். இத்தனை பிரகாசமானவை ஆறு, இவ்வளவு சிறிய இடத்தில், தற்செயலாக வந்து கூடுவதற்கு ஏறத்தாழ ஐந்து லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்று கண்டார். எனவே அவை ஒரே குடும்பம் என்றார். தொலைவு அளக்க வழியில்லாத காலத்தில், ஒரு பங்குக் குருவானவர் காகிதத்தில் கண்ட உண்மை அது. பின்வந்த அளவைகள் அனைத்தும் அதை உறுதி செய்தன.

ஆம், அவை உடன்பிறப்புகள். ஒரே மாபெரும் வாயு மேகத்தில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பு, ஒரே காலத்தில் பிறந்தவை. வானியல் கணக்கில் இது மிகவும் இளம் வயது. நம் சூரியனுக்கு நாற்பது வயது என்று வைத்துக்கொண்டால், இந்தக் கூட்டத்துக்கு இப்போதுதான் முதல் பிறந்தநாள் வந்திருக்கிறது. அதில் பெரியவையாகவும் மிகுந்த வெப்பத்தோடும் இருக்கும் சில, நீல வெண்மையாய்ச் சுடர்விடுகின்றன. நம் கண்ணுக்குத் தெரிவது அவை மட்டுமே. மீதியுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை சிறியவை, சிவந்தவை, மங்கியவை. கூட்டத்தில் ஒன்பதுக்குத்தான் மனிதர் பெயர் வைத்தார்கள். கிரேக்கரின் கதையில் வரும் ஏழு சகோதரிகளின் பெயர்களும், அவர்களுடைய தாய் தந்தையரின் பெயர்களும். மற்றவற்றுக்கு அட்டவணை எண்கள்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஒளிர்கிறவர்களுக்குப் பெயர், மங்கலானவர்களுக்கு எண். மனிதர் எண்ணும் முறை இதுதான். நம் ஊரிலும் இதுதான், நம் பங்கிலும் இதுதான். திருவிழா மலரில் யார் பெயர் வருகிறது? கொடியேற்றத்தன்று ஒலிபெருக்கியில் யார் பெயர் சொல்லப்படுகிறது? கோயிலைக் கூட்டிச் சுத்தம் செய்கிற அம்மாவின் பெயர் அந்த மலரில் எங்கேயாவது இருக்கிறதா? நம் திருப்பாடல் சொல்லும் கடவுளோ விண்மீன்கள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். பிரகாசமான ஒன்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

1995-இல் இந்தக் கூட்டத்தில் ஒரு புதிய உறுப்பினரைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது மனம் நெகிழ்ந்தது. ஸ்பெயின் நாட்டின் தெனெரீஃப் தீவில் டைடே என்ற எரிமலை இருக்கிறது. அதன் பக்கத்து வானாய்வகத்திலிருந்து ரஃபேல் ரெபோலோவும் அவருடைய தோழர்களும் அறுமீன் கூட்டத்துக்குள் மிக மிக மங்கலான ஒரு பொருளைக் கண்டார்கள். அதற்கு அந்த மலையின் பெயரையே வைத்து டைடே 1 என்றார்கள். அதன் நிறை சூரியனுடைய நிறையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. ஒரு விண்மீன் உள்ளுக்குள் ஹைட்ரஜனை எரித்துத் தன் ஒளியைத் தானே உண்டாக்க வேண்டுமானால், குறைந்தபட்ச நிறை ஒன்று வேண்டும். இதற்கு அது இல்லை. விண்மீன்கள் பிறந்த அதே மேகத்தில், அதே காலத்தில், அவை உருவான அதே முறையில் இதுவும் உருவாகியது. ஆனால் உள்ளே அடுப்பு பற்றவில்லை. பிறந்தபோது இருந்த வெப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்டவற்றைப் பழுப்புக் குறுமீன் என்பார்கள். ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்யப்பட்ட முதல் பழுப்புக் குறுமீன் இதுதான்.

அதை எப்படி உறுதி செய்தார்கள் என்பது இன்னும் அருமையானது. சிறிய விண்மீன் ஒன்று உள்ளுக்குள் எரியத் தொடங்கினால், பிறப்பில் அதற்குக் கிடைத்த லித்தியம் என்ற தனிமம் அழிந்துபோகும். ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியால் டைடே 1-ஐ ஆராய்ந்தபோது, அதில் லித்தியம் அப்படியே இருந்தது. எரிந்த சிறு விண்மீன்கள் இழந்துவிட்டதை, எரியாமல் போன இது பத்திரமாக வைத்திருந்தது. அந்த அடையாளத்தால்தான் அது இன்னதென்று உலகம் அறிந்தது.

அன்பு பெற்றோரே, பூசை முடிந்து என்னைப் பார்க்க வருகிற தாய்மார் பலர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாமி, மூத்தவன் நல்லா இருக்கான், சின்னவனுக்காகத்தான் செபம் பண்ணுங்க" என்பார்கள். சின்னவன் படிப்பை விட்டிருப்பான். அல்லது குடியில் விழுந்திருப்பான். அல்லது மனநோயால் வீட்டுக்குள்ளேயே இருப்பான். அல்லது எந்தத் தவறும் செய்யாமல், எந்த வேலையிலும் நிலைக்க முடியாமல் முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருப்பான். நல்லது கெட்டது நடக்கும்போது அவனை உறவினர் முன்னால் காட்டத் தயங்குவார்கள். குடும்பப் படம் எடுக்கும்போது அவன் தானாகவே ஒதுங்கிப் போயிருப்பான்.

அந்தத் தாய்மாருக்கு நான் சொல்ல விரும்புவது இது: உங்கள் பிள்ளை மற்றவர்கள் பிறந்த அதே அன்பிலிருந்து பிறந்தவன். அவன் ஒளி நம் கண்ணுக்கு எட்டவில்லை என்பதற்காகக் கடவுளின் கணக்கில் அவன் விடுபட்டுப்போகவில்லை. வாழ்க்கையில் முன்னேறிப் போன பிள்ளைகள் ஓட்டத்தில் தொலைத்துவிட்ட ஏதோ ஒன்று, ஒரு கள்ளமின்மை, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொறுமை, அவனிடம் அழியாமல் இருக்கலாம். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். நீங்கள் பாருங்கள்.

இன்றைய முதல் வாசகத்தில் யோபு பேசியதைக் கேட்டீர்கள். படுக்கும்போதே எப்போது எழுவேன் என்று ஏங்குகிற மனிதர். இரவு நீண்டுகொண்டே போகிறது; விடியும்வரை புரண்டு புரண்டு படுக்கிறார். நோயாளிக்குத் துணையாக மருத்துவமனை வராந்தாவில் படுத்தவர்களுக்கு இந்த வரிகளை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதே யோபுதான் அடுத்த சில அதிகாரங்களில், தம் வேதனையின் நடுவே, அறுமீனைப் படைத்தவர் கடவுள் என்று சொல்கிறார். துதிப்பாடலாக அதைச் சொல்லவில்லை. இவ்வளவு பெரியவரிடம் நான் எப்படி வழக்காடுவேன் என்ற முறையீடாகச் சொல்கிறார். நூலின் இறுதியில் கடவுள் புயலின் நடுவிலிருந்து பேசும்போது, அதே விண்மீன்களைக் காட்டித் திருப்பிக் கேட்கிறார்: அறுமீனை நீ கட்டிவைப்பாயோ? ஓரியனின் கட்டை நீ அவிழ்ப்பாயோ?

சில போதகர்கள் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு, அறுமீன் ஈர்ப்பு விசையால் கட்டப்பட்டது என்ற அறிவியலை யோபு நூல் அன்றே சொல்லிவிட்டது என்று பேசுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. இயற்கையைப் பற்றி விவிலியத்தின் பெயரால் தவறாகப் பேசி, விவரம் அறிந்தவர்கள் நம் விசுவாசத்தையே மதிக்காமல் போகும்படி செய்யாதீர்கள் என்று புனித அகுஸ்தினார் தொடக்கநூலுக்கு எழுதிய விளக்கத்திலேயே எச்சரித்திருக்கிறார். யோபுவுக்குக் கிடைத்தது வானியல் பாடம் கிடையாது. தூங்காமல் கிடந்த ஒரு நோயாளியின் முறையீடு கேட்கப்பட்டது. அவர் சொன்ன விண்மீனின் பெயரையே கடவுள் தம் பதிலிலும் சொன்னார். அவர் பேசிய ஒரு சொல்லும் காற்றோடு போகவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நற்செய்திக்கு வாருங்கள். கப்பர்நாகூமில் ஓய்வுநாள். தொழுகைக்கூடத்திலிருந்து இயேசு சீமோனின் வீட்டுக்கு வருகிறார். அங்கே சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார். அந்தப் பெண்மணியின் பெயரைக்கூட நற்செய்தி சொல்லவில்லை. இயேசு அருகில் போய், கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். பொழுது சாய்கிறது, கதிரவன் மறைகிறது, ஓய்வுநாள் முடிகிறது. அதுவரை நோயாளிகளைச் சுமந்து வரத் தயங்கிய மக்கள் இப்போது வருகிறார்கள். விண்மீன்கள் தோன்றும் வேளையில் ஊர் முழுவதும் அந்த வீட்டு வாசலில் கூடிவிட்டது என்கிறார் மாற்கு. உள்ளம் உடைந்தவர்களை நலமாக்குகிறவரும் விண்மீன்களை எண்ணுகிறவரும் அன்று மாலை ஒரே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த நாள் விடியுமுன், இன்னும் இருட்டாக இருக்கும்போதே, இயேசு எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் இறைவனிடம் வேண்டுகிறார். சீமோனும் மற்றவர்களும் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். இயேசுவோ, வாருங்கள், அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார்.

சீமோனின் சொல்லைக் கவனியுங்கள். எல்லாரும் என்கிறார். சீமோனுக்கு எல்லாரும் என்றால் தன் வீட்டு வாசலில் நிற்பவர்கள். கண்ணுக்குத் தெரிந்தவர்களை எண்ணிவிட்டு, கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார். இயேசுவின் கணக்கில், வாசலுக்கு வராதவர்களும் இருக்கிறார்கள். வர முடியாதவர்கள், வரத் தெரியாதவர்கள், இப்படி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்படாதவர்கள். அதனால் கூட்டம் காத்திருக்கும்போதே அவர் கிளம்புகிறார். ஞாயிறு பூசையில் கோயில் நிறைந்து, வெளியில் போட்ட நாற்காலிகளும் நிறைந்துவிட்டால், எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று எனக்கும் மகிழ்ச்சி பொங்குகிறது. அந்த நேரத்தில் இந்த நற்செய்தி என்னைக் கேள்வி கேட்கிறது.

ஏனெனில் நம் குடும்பங்கள் சிதறிக்கொண்டிருக்கின்றன. திருப்பாடலின் முதல் செய்தி இங்கேதான் நம்மைத் தொடுகிறது. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, திருப்பூர் என்று போய்விட்டார்கள். வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். இன்னும் தொலைவில் கனடாவில் இருக்கிறார்கள். ஊரில் பெற்றோர் இருவர், அல்லது ஒருவர்.

அறுமீனும் சிதறிக்கொண்டுதான் இருக்கிறது. ஒன்றையொன்று ஈர்க்கும் விசை அவற்றைப் பிடித்து வைத்திருந்தாலும், பால்வழி மண்டலத்தின் இழுப்பும் வழியில் எதிர்ப்படும் பெரும் மேகங்களின் இழுப்பும் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே இருக்கின்றன. இன்னும் சுமார் 25 கோடி ஆண்டுகளில் கூட்டம் என்று சொல்ல அங்கே எதுவும் இராது என்கிறார்கள். நம் சூரியனும் இப்படி ஒரு கூட்டத்தில் பிறந்து, உடன்பிறப்புகளைப் பிரிந்து, இன்று தனியே சுற்றிவருகிறது.

ஆனால் 2025-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அறுமீனிலிருந்து எப்போதோ பிரிந்துபோன உடன்பிறப்புகளைத் தேடினார்கள். நெடுந்தொலைவில், மற்ற விண்மீன்களோடு கலந்துபோனவற்றை எப்படி அடையாளம் காண்பது? விண்மீன் இளமையில் வேகமாகச் சுழலும். வயதாக ஆகச் சுழற்சி தளரும். ஆகவே ஒரே வயதுடையவற்றின் சுழற்சியில் ஓர் ஒற்றுமை இருக்கும். நாசாவின் டெஸ் விண்கலம் சுழற்சியை அளந்தது. ஐரோப்பாவின் கையா விண்கலம் இடத்தையும் நகர்வையும் அளந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடன்பிறப்புகள் கிடைத்தன. நாம் அறுமீன் என்று பார்ப்பது, முன்பு எண்ணியதைவிட ஏறத்தாழ 20 மடங்கு பெரிய ஒரு குடும்பத்தின் நடுப்பகுதி மட்டுமே.

பிரிந்துபோனவற்றிடம் பிறந்த வீட்டின் அடையாளம் இருந்தது. தேடுகிறவர்கள் தேடியதால் அது தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுமீனைச் சுற்றி நீல நிறத்தில் மெல்லிய மூட்டம் ஒன்று படங்களில் தெரியும். 1859-இல் வெனிஸ் நகரிலிருந்து வில்ஹெல்ம் டெம்பெல் அதை முதலில் கண்டார். வெகுகாலம்வரை, இந்த விண்மீன்கள் பிறந்த மேகத்தின் மிச்சம் அது என்றே நம்பினார்கள். அப்படியல்ல என்று இப்போது தெரிந்திருக்கிறது. அது வேறொரு தூசு மேகம். அறுமீன் தன் பயணத்தில் அதைக் கடந்துபோகிறது; கடக்கும்போது தன் ஒளியால் அதையும் ஒளிரச் செய்கிறது. அதுபோலவே துபாயிலும் குவைத்திலும் நம் பிள்ளைகள் வேலைக்குப் போன இடத்தில் கூடித் தமிழில் திருப்பலி காண்கிறார்கள், பாடல் குழு நடத்துகிறார்கள், நோயுற்ற தோழனுக்குச் சோறு கொண்டுபோகிறார்கள். அவர்களுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வோம்.

அறுமீன் ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. இன்று மாலை நம் கண்ணில் படும் அதன் ஒளி, பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்து புறப்பட்டது. அது புறப்பட்ட காலத்தில் நம் முத்துக்குளித்துறையில் இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய தம்பிரான் வணக்கம், இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்று. சின்னஞ்சிறிய செபப் புத்தகம். கடற்கரை நெடுகச் சிதறிக்கிடந்த ஊர்கள். குருக்களோ வெகு சிலர். குரு போக முடியாத ஊருக்கும் விசுவாசம் போய்ச் சேர வேண்டும், அதுவும் அந்த மக்களின் மொழியிலேயே போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் கவலைப்பட்டார். அவருடைய கவலையின் பயன்தான் இன்று நாம் தமிழில் கேட்கும் மறையுரை.

நியூசிலாந்தின் மவோரி மக்கள் அறுமீனை மத்தாரிக்கி என்று அழைக்கிறார்கள். அங்கே நடுக்குளிர் காலத்தில், சில வாரங்கள் மறைந்திருந்த அந்தக் கூட்டம் விடியற்காலையில் மீண்டும் எழும்போது அவர்களுக்குப் புத்தாண்டு. 2022 முதல் அது நாட்டின் பொது விடுமுறை. விண்மீன்கள் எழுவதைப் பார்த்துக்கொண்டு, கடந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்வது அவர்கள் வழக்கம். கல்லறைத் திருநாளில் நாமும் பெயர்களை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறோம். ஒருவரும் விடுபட்டுவிடக் கூடாது என்ற அந்த ஏக்கம் மனித இதயத்தில் கடவுள் வைத்தது.

உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை நாம் சொல்கிறோமா? திருமுழுக்குச் சடங்கில், குழந்தையோடு கோயில் வாசலில் நிற்கிற பெற்றோரிடம் குரு முதலில் கேட்பது குழந்தையின் பெயரைத்தான். பணம் இருக்கிறதா, படிப்பு இருக்கிறதா, பிற்காலத்தில் இவன் என்ன ஆவான் என்று திருச்சபை கேட்பதில்லை. அந்தப் பெயர் பதிவேட்டில் எழுதப்படுகிறது. நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேடுகள் பக்கத்து அறையில்தான் இருக்கின்றன. அவற்றைப் புரட்டும்போது, வாராவாரம் நான் இங்கே பார்க்கிற பெயர்களும் இருக்கின்றன, ஆண்டுக்கணக்கில் பார்க்காத பெயர்களும் இருக்கின்றன. வெளியூர் போனவர்கள் இருக்கிறார்கள். இதே தெருவில் இருந்துகொண்டு வராதவர்களும் இருக்கிறார்கள். சாதியைச் சொல்லிப் புண்படுத்தியதால் வராமல் போனவர்கள், கலப்புத் திருமணம் செய்ததால் வெட்கப்பட்டு ஒதுங்கியவர்கள், கோயில் வரி கட்ட முடியாததால் முகம் காட்டாதவர்கள், யாரோ ஒரு குரு கடுமையாகப் பேசியதால் மனம் நொந்து போனவர்கள். இவர்களில் பலருடைய காயத்துக்கு நாமே காரணம். பதிவேட்டில் அவர்களுடைய பெயரை யாரும் அடிக்கவில்லை. அடிக்க எவருக்கும் உரிமையும் இல்லை.

ஆண்டில் சில வாரங்கள் அறுமீன் நமக்கும் தெரியாது. நம் கத்திரி வெயில் நாள்களில், மே மாதத்தில், சூரியன் கார்த்திகையின் அருகில் இருக்கிறான். அக்னி நட்சத்திரம் என்ற பெயரே அதனால் வந்தது. அந்த நாள்களில் நண்பகலில் அறுமீன் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேதான் நிற்கிறது. வெயிலின் கண்கூச்சத்தில் நாம் காண்பதில்லை. நம் பங்கு மிகவும் கோலாகலமாக இருக்கும் நாள்களில்தான், தேர் இழுத்து வாணவேடிக்கை விடும் நாள்களில்தான், யார் வரவில்லை என்பது நமக்குத் தெரியாமல் போகிறது.

ஆகவே இந்த வாரம் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தவக்காலம் நெருங்கிவிட்டது. ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் வராமல் இருக்கும் குடும்பங்களின், தனியாக இருக்கும் மனிதர்களின் பெயர்களை எழுதுங்கள். இத்தனை வீடு என்று எண்ணிக்கை எழுதாதீர்கள், பெயர்களை எழுதுங்கள். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் அன்பியப் பொறுப்பாளர்களோடு சேர்ந்து இருவர் இருவராகப் போங்கள். பூசைக்கு ஏன் வருவதில்லை என்று கேட்க வேண்டாம், வரி பாக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம். நலம் கேளுங்கள், கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள், அவர்கள் சொல்வதை முழுவதும் கேளுங்கள். நம் மேல் தவறு இருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். என் பெயரால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள், நானே போகிறேன். வெளியூரில் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர், இன்றிரவு தொலைபேசியில் பேசும்போது, எப்போது பணம் அனுப்புவாய் என்பதற்கு முன்னால், கோயிலில் உன் பெயரைச் சொல்லி வேண்டினோம் என்று சொல்லுங்கள்.

பெயர்ப் பட்டியல்களை அடுத்த ஞாயிறு காணிக்கைப் பவனியில் அப்பத்தோடும் இரசத்தோடும் பீடத்துக்குக் கொண்டுவாருங்கள். விசுவாசிகள் மன்றாட்டின்போது அவற்றிலுள்ள ஒவ்வொரு பெயரையும் மனத்துக்குள் சொல்லி மன்றாடுவோம். பீடப்பணியாளர்கள் அதற்கென ஒரு தட்டு எடுத்து வையுங்கள்.